விசாவின் பெயர் என்ன?

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது உள்பெட்டிக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணா, வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை வந்திருக்கிறது. இந்த ஏஜெண்டை நம்பலாமா?" கூடவே ஒரு கடிதத்தின் படம். அந்த ஏஜெண்டின் பெயரை நான் அன்றுதான் கேள்விப்படுகிறேன். ஆனாலும் 'நம்பலாம்' அல்லது 'வேண்டாம்' என்று ஒற்றை வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பதிலுக்கு நானும் ஒன்றைக் கேட்பேன்: எந்த விசாவில் அழைக்கிறார்கள்?

பெரும்பாலும் அங்கே ஒரு மௌனம் விழும். சம்பளம் தெரியும், தங்குமிடம் இலவசம் என்பது தெரியும், ஏஜெண்ட் எவ்வளவு அன்பாகப் பேசினார் என்பது வரிக்கு வரி தெரியும். விசாவின் பெயர் மட்டும் தெரியாது.

முகம் தெரியாத ஏஜெண்ட் நல்லவரா கெட்டவரா என்று துருவுவதில் பயனில்லை என்பது என் கட்சி. கடிதத்தில் இலக்கணப் பிழை இருந்தால் மோசடி என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. மோசடிக் கடிதம்தான் பிழையே இல்லாமல் வருகிறது. நிஜப் பள்ளியின் நிர்வாகி பத்து வேலைகளுக்கு நடுவே தட்டிவிடும் மின்னஞ்சலில்தான் எழுத்து விட்டுப்போகிறது. ஆளை எடை போடுவதை விடுங்கள். அவர் சொல்வதை அவரைச் சாராத ஒரு அலுவலகம் உறுதிப்படுத்துமா என்று பாருங்கள். அதற்கு விசாவைவிட நல்ல உரைகல் கிடையாது.

சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்வதற்கான விசா 'இசட்'. வேலை தருபவர் முதலில் பணி அனுமதி அறிவிப்பு வாங்கி அனுப்ப வேண்டும், அதைக் காட்டித்தான் தூதரகத்தில் விசா பெற முடியும், போய் இறங்கி 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏஜெண்ட் சொல்வதோ, "இப்போதைக்கு 'எம்' விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்." 'எம்' என்பது வணிகர்களுக்கானது. 2013 ஜூலை 1 முதல் அங்கே நடப்பில் உள்ள குடிவரவுச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் கடுமையானால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. வேலைக்கு அறிமுகம் செய்துவைத்தவருக்கும் அதே சட்டத்தில் அபராதம் இருக்கிறது. ஆனால் சோதனை வரும்போது வகுப்பறையில் சாக்பீஸோடு நிற்பது நீங்கள்தானே.

ஜப்பானில், நாம் அங்கே வந்து தங்கத் தகுதி உண்டு என்று காட்டும் தகுதிச் சான்றிதழுக்கு வேலை தருபவர்தான் வழக்கமாகக் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பிப்பார். அது கைக்கு வருவதற்கு முன்பே "டிக்கெட் போடுங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம், ஏன் என்று கேட்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது, ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டவும் கூடாது.

அடுத்தது கொரியா. இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வரும். அங்கே மொழி ஆசிரியருக்கான விசா 'இ-2'. ஆங்கிலத்துக்கு அது பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. பதினைந்து வருடம் இலக்கணம் நடத்தியவர் பாஸ்போர்ட்டின் நிறத்தால் வெளியே நிற்பார். நிலவியல் படித்துவிட்டு நேற்றுப் பட்டம் வாங்கிய இளைஞர் உள்ளே போவார். இது அநியாயம்தான், எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் நம்முடைய அந்த ஆற்றாமைதான் சில ஏஜெண்டுகளுக்கு முதலீடு. "உங்கள் பாஸ்போர்ட் ஒரு பிரச்சினையே இல்லை, எங்களுக்குத் திறமைதான் முக்கியம்" என்று அவர் சொன்னதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. நிறைந்த நெஞ்சோடு யாரும் தூதரக இணையதளத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏஜென்சிகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது விதி. இந்தத் தொழிலில் வழக்கமாக ஏஜெண்டுக்குப் பணம் கொடுப்பது பள்ளிதான். காவல்துறைச் சான்று, நம் சான்றிதழ்களை வெளிநாட்டில் ஏற்பதற்காகப் போடும் அப்போஸ்டில் முத்திரை போன்ற செலவுகள் நம்முடையவையாக இருக்கலாம். அவற்றை அந்தந்த அலுவலகத்தில் நேரடியாகக் கட்டுங்கள். 'திருப்பித் தரப்படும் டெபாசிட்' என்ற சொற்றொடரைக் கண்டால் அத்தோடு கடிதத்தை மூடிவிடலாம்.

போன மாதம் ஒருவர் அனுப்பிய கடிதத்தில் தங்க நிற முத்திரை, மூன்று கையெழுத்து, பள்ளியின் புகைப்படம் எல்லாம் இருந்தன. புகைப்படத்தைப் படத்தேடலில் போட்டேன். பள்ளி மேசை நாற்காலி விற்கும் ஒரு கடையின் விளம்பரப் பக்கத்தில் போய் நின்றது. பள்ளியின் பெயர் மட்டும் நிஜம். கடிதத்தில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, பள்ளியின் சொந்தத் தளத்தில் இருந்த எண்ணுக்கு அழைக்கச் சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் சலிப்போடு, "இந்த மாதம் நீங்கள் மூன்றாவது ஆள்" என்றாராம்.

ஒப்பந்தத்தில் ஒரு ஊர், டிக்கெட்டில் வேறு ஊர் என்றால் ஏறவே ஏறாதீர்கள். மியான்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடிக் கூடங்களில் வற்புறுத்தி வேலை வாங்கப்படக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அப்படிப் போனவர்களில் படித்தவர்கள், பல மொழி பேசுபவர்கள் நிறைய.

இனி என் கதை. என்னை அனுப்பிய ஏஜெண்ட் யோக்கியர். காசு கேட்கவில்லை, விசா சரியான விசா, விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பினார். ஒப்பந்தத்தில் 'வாரம் 24 கற்பித்தல் மணி' என்று இருந்தது. 24 வகுப்பு என்று நானாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அங்கே ஒரு வகுப்பு 40 நிமிடம். 24 மணியை நிமிடமாக்கி 40ஆல் வகுத்தால் 36 வகுப்பு! முதல் திங்கட்கிழமை கால அட்டவணையில் கட்டங்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு தடவை எண்ணினேன். விடுமுறை இரண்டு மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது ஏழாம் பக்கத்தில் இருந்தது. விமானக் கட்டணம் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் கிடைக்கும், அதனால் பாதியில் கிளம்பவும் மனம் வரவில்லை.

ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதே" என்றார். பொய்யில்லை. அவருக்குப் படியளப்பது பள்ளி. அவர் எனக்காகப் பேசுவார் என்று நினைத்தது என் பிழை.

அதனால்தான், விசா சரியாக இருந்தாலும் அங்கே வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரோடு பேசாமல் சம்மதிக்காதீர்கள் என்கிறேன். ஏஜெண்ட் பொறுக்கித் தரும் ஆள் போதாது. வேலையை விட்டுப்போனவர் ஒருவரையும் தேடிப் பிடியுங்கள். "பள்ளி எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, எனக்கு முன்பு இருந்தவர் ஏன் போனார், வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்று கேளுங்கள்.

இவ்வளவையும் போன வாரம் ஒரு தம்பிக்குப் பொறுமையாக எழுதினேன். விசாவின் பெயரை அவர் ஏஜெண்டிடம் கேட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு குரல் பதிவு வந்ததாம்: "அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் தம்பி." டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்கிறார். அதே மூச்சில், "ஆனால் சம்பளம் நன்றாக இருக்கிறதே அண்ணா" என்றும் எழுதியிருக்கிறார்.