சித்தி வயலுக்குப் போகும் என் சோப்புத்தண்ணி

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் கூடவே அந்தப் படமும் வந்துவிடும். ஆறே தெரியாமல் வெள்ளையாக நுரை, அடைத்துப் போட்ட தரைப்பாலம், ஓரமாக நின்று செல்ஃபி எடுக்கும் பசங்க. கீழே கமெண்ட்டும் மாறாது: "கர்நாடகாக்காரன் கெமிக்கலைத் திறந்து விடுறான்." நானும் அப்படி எழுதினவன்தான்.

சித்திக்கு அணைக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. கொத்தமல்லியும் முட்டைக்கோஸும் போடுவாங்க. காத்து அடித்தால் நுரை பறந்து வந்து கோஸ் இலைமேல் உட்காரும். காய்ந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் நிற்கும், தொட்டால் பிசுபிசுக்கும். போன மழையில் ஊருக்குப் போயிருந்தபோது கேட்டாங்க, "நீ பெங்களூர்ல எந்தப் பக்கம்டா இருக்க?" சர்ஜாபூர் ரோடு, பெல்லந்தூர் பக்கம் என்றேன். "அப்ப இது உன் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுக் களையெடுக்கப் போயிட்டாங்க.

சரியாகத்தான் சொன்னாங்க. எங்கள் பக்கத்துச் சாக்கடை பெல்லந்தூர் ஏரிக்கு, அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கு, அதிலிருந்து தென்பெண்ணைக்கு. கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து நேராகக் கெலவரப்பள்ளி. வழியில் தொழிற்சாலைக் கழிவு கலக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த அளவுக்கு நுரைப்பதற்கு வீட்டுச் சோப்புத்தூளே போதும். போர் தண்ணியும் டேங்கர் தண்ணியும் உப்பாக இருப்பதால் ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் நாங்கள் இரண்டு மூடி ஊற்றுகிறோம்.

ரொம்ப நாளாக எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. மழை பெய்தால் சாக்கடை நீர்த்துப் போகணும், நுரை குறையணும். இங்கே மழை வந்தால்தான் நுரையே வருகிறது. பெல்லந்தூர் நுரையைப் பற்றி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் செய்த ஆய்வைப் படித்தபிறகுதான் விளங்கியது. ஏரிக்குள் வரும் சோப்பு வேதிப்பொருள் அடியில் இருக்கும் கசடில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. பெருமழை வந்து சேற்றைக் கலக்கும்போது அது கழன்று தண்ணீருக்கு வருகிறது. ஏரி நிரம்பி வழியும் கலங்கல்ல தண்ணீர் விழும்போது காற்று புகுந்தால் நுரை. கூடவே கிளம்பும் கசடும் பாக்டீரியாவும் அந்த நுரையைச் சீக்கிரம் உடையவிடாமல் பிடித்து வைக்கின்றன.

நம்பிக்கை வராமல் நானே பார்த்தேன். ஏரிக்கரையில் கைப்பிடிக் கறுப்புச் சேறு எடுத்து (அந்த நாத்தம் கையைவிட்டுப் போக ரெண்டு நாள் ஆச்சு) ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டு, கேன் தண்ணி ஊற்றிக் குலுக்கினேன். கழுத்துவரை நுரை. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. சேற்றில் ஒரு சொட்டு சோப்பு நான் போடவில்லை.

"எங்க பவுடர் மக்கும் தன்மை உள்ளது" என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பொய்யில்லை, அதுதான் சிக்கல். 1950களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஆறுகள் இப்படித்தான் நுரைத்தன. அப்போதைய டிடர்ஜென்ட் மூலக்கூறின் வால் கிளை கிளையாக இருந்தது, பாக்டீரியாவால் தின்ன முடியவில்லை. ஜெர்மனி 1961ல் சட்டம் போட்டது, 1964ல் அமலுக்கு வந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் 1965ல் மாறின. புதிதாக வந்தது நேரான வால் உள்ள எல்.ஏ.எஸ். என்ற வேதிப்பொருள். நம் சோப்புத்தூளில் இருப்பதும் அதுதான், அதற்கான மூலப்பொருள் நம் மணலியிலேயே தயாராகிறது. ஒழுங்காகக் காற்று ஊதும் சுத்திகரிப்பு நிலையத்தில் 95 சதவீதத்துக்கு மேல் சிதைந்துவிடும்.

காற்று ஊதினால். தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேணும். அது இல்லாத ஏரிச் சேற்றில் எல்.ஏ.எஸ். ஏறக்குறைய சிதையாமல் கிடக்கும். அங்கே சாக்கடை வந்து கிடக்கும் ஏரியை வைத்துக்கொண்டு, இங்கே பாக்கெட்டில் பச்சை இலை அச்சடித்து என்ன பிரயோசனம்?

நுரையே வராத ஆபத்தும் உண்டு. நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட் என்று இன்னொரு வகை சோப்பு வேதிப்பொருள். சாக்கடையில் பாதி சிதைந்து நோனைல்ஃபீனால் ஆகும், அதுவும் சேற்றில் தங்கும், பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யும். 1990களில் இங்கிலாந்தின் ஏர் ஆற்றில், கம்பளி கழுவும் ஆலைகளுக்குக் கீழே, ஆண் மீன்களின் ரத்தத்தில் முட்டைக்கான புரதம் சுரந்தது இதனால்தான். ஐரோப்பா 2005லிருந்து துணி துவைக்கிற பொருள்களில் அதைத் தடுத்துவிட்டது.

"பூந்திக்கொட்டைக்குப் போங்க" என்று ஒரு அண்ணன் கட்டாயம் எழுதுவார். அண்ணே, பூந்திக்கொட்டை நுரையும் மீனைக் கொல்லும். இத்தனை லட்சம் பேர் துவைக்கிற தண்ணியை நேராக ஏரியில் விட்டால் எதில் துவைத்தாலும் கதை ஒன்றுதான்.

கெலவரப்பள்ளியின் முழு உயரம் 44.28 அடி. தினமும் நீர்மட்டத்தைப் புள்ளி போட்டுச் சொல்கிறார்கள். அதில் சேறு எத்தனை அடி, அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று எந்தப் பேப்பரிலும் நான் பார்த்ததில்லை. குளத்து வண்டலை வயலில் கொட்டுவது நம் பழக்கம். காற்றுப்படும் வயலில் எல்.ஏ.எஸ். சில வாரங்களில் சிதைந்துவிடும், அதற்காக நான் பயப்படவில்லை. ஆனால் சாக்கடை இறங்கிய நீர்நிலையின் வண்டலைக் கொடுக்கும் முன் ஒரு தடவையாவது பரிசோதிக்க வேண்டாமா?

ஊர்லேர்ந்து திரும்பியதும் எங்கள் அபார்ட்மென்ட் எஸ்.டி.பி.யை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை, போய்ப் பார்த்தேன். நாலு வருஷமாகக் குடியிருக்கிறேன், பேஸ்மென்ட்டில் அந்தக் கதவைத் திறந்தது அதுதான் முதல் தடவை. ஆபரேட்டர் தம்பி ஒடிசாக்காரர். நுரை பொங்கினால் ஊற்ற ஒரு கேன் டிஃபோமர் வைத்திருந்தார். ஊற்றினால் நுரை அடங்கும், சோப்பு எங்கேயும் போகாது. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்தச் சொல்லி உத்தரவாம். ஏன் என்றால், "பில் ஜாஸ்தி ஆத்தா ஹை சார்" (கரன்ட் பில் அதிகமா வருதாம்). வீடுகளில் வாஷிங் மெஷின் ஓடுவதே ராத்திரியில்தான்.

உத்தரவு போட்டது எங்கள் அசோசியேஷன். போன வருஷம் மெயின்டனன்ஸ் சார்ஜைக் குறைக்கச் சொல்லி கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். வர ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். ப்ளோயரை 24 மணி நேரமும் ஓட்டணும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் இதுவரை வந்த ஒரே கேள்வி, ஃபிளாட்டுக்கு எவ்வளவு கூடும் என்பது.