ஏரியை மீட்டா மட்டும் போதுமா, அதுகிட்ட போக வழி வேணாமா?

பெங்களூர்ல ஏரின்னு பேச்செடுத்தாலே ஆக்கிரமிப்பு, நுரை, செத்து மிதக்குற மீன், அதோட முடிஞ்சுபோகுது. மீட்ட ஏரிக்கு சுத்தி கம்பிவேலி போட்டு கேட்டைப் பூட்டுனதுக்கு அப்புறம் அதுகிட்ட யார் போகலாம்னு யாருமே கேக்குறதில்ல.

எங்க வீட்டுப்பக்கம் இருக்குற கெரேல (கன்னடத்துல ஏரி) காலைல கொஞ்ச நேரம் சாயங்காலம் கொஞ்ச நேரம் கேட் திறப்பாங்க, வாக்கிங் போறவங்க போவாங்க வருவாங்க. போன மாசம் மாட்டுக்குப் புல் அறுக்க அரிவாளும் சாக்குமா வந்த ஒரு அம்மாவை செக்யூரிட்டி தம்பி உள்ள விடல, மேல இருந்து ஆர்டர்னான். "நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து இங்கதான்பா அறுக்குறேன், அப்பல்லாம் ஏது கேட்டு"ன்னு அந்தம்மா கேட்டதுக்கு அவன் என்ன சொல்லுவான் பாவம். ஆனா எதிர்க்கரை அபார்ட்மென்ட்டுக்கு காம்பவுண்டுலயே ஏரிக்குத் தனியா ஒரு சின்ன கேட் இருக்கு, அதை யாரும் எதுவும் சொல்றதில்ல!

கர்நாடகா நில வருவாய்ச் சட்டம் 1964, 67-வது பிரிவுல ஆறு, ஓடை, ஏரி எல்லாம் அரசுக்குச் சொந்தம்னு இருக்கு. அதுக்காக அரசு இஷ்டத்துக்கு தூக்கிக் குடுத்துட முடியாது, ஜனங்களுக்காக வெச்சிருக்குற டிரஸ்டிதான்னு 1996-ல பியாஸ் ஆத்தோர ரிசார்ட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அப்படியிருந்தும் இங்க ஹெப்பாள், நாகவாரா ஏரியெல்லாம் தனியாருக்கு லீசுக்குப் போச்சு, என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப்ங்கற தன்னார்வ அமைப்பு 2008-ல கேஸ் போட்டு 2012-ல ஹைகோர்ட் தீர்ப்பு வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு.

அப்புறம் பஃபர் சண்டை, அதாவது ஏரிக்கரைல இருந்து எவ்ளோ தூரம் கட்டடம் கட்டாம விடணும்ங்கறது. 2016-ல பசுமை தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் விடணும்னுச்சு, 2019-ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு, திரும்ப மாஸ்டர் பிளான்ல இருந்த 30 மீட்டருக்கே வந்துச்சு. சரி, 30 மீட்டர் விட்டாங்கன்னே வெச்சுக்குவோம், அந்த 30 மீட்டரும் பில்டரோட காம்பவுண்டுக்குள்ளயே இருந்தா கட்டடம்தான் தள்ளி நிக்குது, ஜனங்க தண்ணிகிட்ட போக முடியாது. நான் கத்துறது இதுக்குத்தான்.

கடலுக்கு 1991 சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) அறிவிப்புலயே ரெண்டு ரிசார்ட்டுக்கு நடுவுல ஜனங்க கடற்கரைக்குப் போக குறைஞ்சது 20 மீட்டர் அகலத்துக்கு இடம் விடணும்னு எழுதியிருந்தாங்க. எத்தனை பேர் மதிச்சாங்கங்கறது வேற விஷயம், ஆனா எழுத்துல இருந்தாத்தானே கோர்ட்ல போய் நிக்க முடியும். ஏரிக்கும் அப்படி எழுதி வைங்க, பழைய கிராம மேப்புல வண்டிப்பாதை, கால்நடைப் பாதை எல்லாம் கோடு போட்டே இருக்கு, பிளான் சாங்ஷன் குடுக்கும்போது அந்தப் பாதை திறந்திருக்கான்னு பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.

திறந்து விட்டா அசிங்கம் பண்ணிடுவாங்கன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. பெள்ளந்தூர் ஏரி நுரை பொங்கி தீப்பிடிச்சது புல் அறுக்குறவங்களாலயா, துணி துவைக்கிறவங்களாலயா? ராஜகாலுவே (மழைத்தண்ணி போற பெரிய கால்வாய்) வழியா வந்து விழுற சாக்கடைக்கு எந்த கேட்டும் கிடையாது, மனுஷனுக்குத்தான் கேட்.

எங்க கெரேக்குப் போற பாதையோட மேப் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன், வார்டு இன்ஜினியர்கிட்ட மனு குடுக்கப் போறோம், பக்கத்துல இருக்குறவங்க கையெழுத்துப் போட வாங்க.