ராபர்ட் ஸ்மால்ஸ்: கப்பலுக்குப் பிந்தைய அரை நூற்றாண்டு

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அடிமைநிலையிலிருந்து தப்பிய கறுப்பினக் கப்பலோட்டி ராபர்ட் ஸ்மால்ஸ் குறித்துத் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அது, 1862 மே 13 அன்று அவர் கப்பலைக் கைப்பற்றிய நிகழ்ச்சியோடு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிவிட்ட இரவில், கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு, தென்னவர் வசமிருந்த சம்டர் கோட்டையைக் கடக்கையில் உரிய ஊதல் சைகையையும் பிசகாமல் கொடுத்து, மனைவி மக்களோடு தென் மாநிலப் படையின் ‘பிளான்டர்’ கப்பலை, அதை எதிர்த்துப் போரிட்ட வடவர் கடற்படையிடம் கொண்டுசேர்த்த துணிவு வியப்புக்குரியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் பின்னர் அவர் வாழ்ந்த அரை நூற்றாண்டு அதைவிடக் கடினமானது என்பேன்.

தாம் அடிமையாய்ப் பிறந்த தென் கரோலினா மாநிலத்தின் பியூஃபர்ட் ஊரில், வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த பழைய எசமானின் வீட்டையே வாங்கிக் குடியேறினார். 1875 முதல் 1887 வரை, இடைவெளிகளுடன், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக இருந்தார். 1877இல் லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்டு, பின்னர் ஆளுநரின் மன்னிப்பைப் பெற்றார் (தாங்கள் இதை ஏன் தொடவில்லையோ!). எல்லாவற்றுக்கும் மேலாக, 1895இல் தென் கரோலினா அரசமைப்பு மாநாட்டில், எழுத்தறிவு, சொத்து ஆகிய தகுதிகளைக் காட்டிக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்க முனைந்தபோது, தோல்வி உறுதி என்று தெரிந்தும் எதிர்த்து வாதாடிய ஆறு கறுப்பினப் பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். அம்மாநாட்டைப் பற்றித் தாங்கள் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.