மார்ச் மாதப் பட்டியலில் இல்லாத பிட்சர்கள்

பிப்ரவரி பாதியில் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அணிகளின் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்ச்சர்களும் (அந்தப் பந்தைப் பிடிப்பவர்கள்) புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாமுக்கு வந்து சேர்ந்ததுமே அந்தக் கேள்வி கிளம்பிவிடும். இந்த சீசனுக்கு ஐந்து ஸ்டார்ட்டர்கள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்கள், யார் யார்? நானும் பல வருடம் அந்த ஐந்து பெயருக்காகவே மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்தக் கேள்வியே தப்பு என்று தோன்றுகிறது.

கணக்கு எளிமையானது. ஒரு சீசனில் ஒரு அணிக்கு 162 ஆட்டம். ஒரு ஆட்டம் வீசியவருக்கு அடுத்த நான்கு நாள் ஓய்வு. அதனால் ஐந்து பேர் முறைபோட்டு வீசும் ரொட்டேஷன், ஆளுக்கு 32 அல்லது 33 ஆட்டம். காகிதத்தில் அழகாக இருக்கும். மனிதக் கைக்கு இந்தக் கணக்கு தெரியாது.

2024 லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் அவர்கள் வைத்திருந்த ஐவர்: டைலர் கிளாஸ்னோ, யோஷினோபு யமமோட்டோ, பாபி மில்லர், கேவின் ஸ்டோன், ஜேம்ஸ் பாக்ஸ்டன். சியோலில் நடந்த முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் கிளாஸ்னோ. ஆகஸ்டில் முழங்கை பாதிக்கப்பட்டு உட்கார்ந்தவர் அக்டோபரில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில், ஒரு பந்தும் வீசவில்லை. மில்லர் தன் முதல் ஆட்டத்தில் 11 பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்தார். அதே சீசனில் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பாக்ஸ்டனை ஜூலையில் பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு செமத்தியாக அடிவாங்கிய ஸ்டோன்தான் அணியிலேயே அதிகமாக, 140 இன்னிங்ஸ் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) வீசி 11 ஆட்டம் வென்றார். கடைசியில் அவர் தோளும் போனது.

மிச்சம் யமமோட்டோ. சியோலில் சான் டியாகோ பாட்ரேஸுக்கு எதிராக அவருடைய முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸ் வீசி, ஐந்து ரன் கொடுத்து வெளியே போனார். ஜூன் முதல் செப்டம்பர் வரை தோள் காயம். ஆனால் அக்டோபர் 11 அன்று, தோற்றால் சீசனே முடிந்தது என்ற ஆட்டத்தில், அதே பாட்ரேஸுக்கு எதிராக ஐந்து இன்னிங்ஸ் ஒரு ரன்னும் விடாமல் வீசினார். மார்ச்சில் அந்த ஒரு இன்னிங்ஸைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியவர்களில் நானும் உண்டு.

ஐந்தே பேரை வைத்து முழு சீசனையும் ஓட்டிய அணி இல்லாமல் இல்லை. 2003இல் சியாட்டில் மரைனர்ஸ் 162 ஆட்டத்தையும் அதே ஐவரைக் கொண்டு தொடங்கினார்கள். நாற்பது வயது ஜேமி மோயர் மட்டும் 21 வெற்றி. 93 ஆட்டம் வென்றும் அந்த அணி பிளேஆஃபுக்குப் போகவில்லை என்பது இன்னும் வலிக்கிறது. ஆனால் அப்படி ஒரு வருடத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது.

பயிற்சி ஆட்டங்களின் எண்களை வைத்து ஐந்தாவது இடத்தை முடிவு செய்யும் பழக்கம்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. ஒரு ஸ்டார்ட்டர் அங்கே வீசுவது பதினைந்து, இருபது இன்னிங்ஸ். அதிலும் புதிதாகக் கற்ற பந்தை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வீசிப் பார்ப்பார், அடி வாங்குவார். பின்பாதியில் எதிரே நிற்பவர்கள் பாதிப்பேர் மைனர் லீக் பையன்கள். அரிசோனாவின் வறண்ட காற்றில் வளைய வேண்டிய பந்து சரியாக வளையாது, அடித்த பந்து கூடுதலாகப் பறக்கும். இதில் ரன் சராசரியைப் பார்த்து என்ன தெரியும்? முதல் இன்னிங்ஸில் இருந்த வேகம் நான்காவதிலும் இருக்கிறதா, அதே பேட்டர் மூன்றாவது முறை வரும்போது காட்ட அவரிடம் வேறு பந்து இருக்கிறதா, இதைப் பாருங்கள்.

அப்புறம் ஆப்ஷன், அதாவது வீரரை மைனருக்கு அனுப்ப அணிக்கு இருக்கும் வரம்புள்ள உரிமை. ஆப்ஷன் மிச்சம் இருக்கும் இளைஞனை அணி எந்தத் தடையும் இல்லாமல் மைனருக்கு அனுப்பலாம். அது தீர்ந்துபோன மூத்தவரை அனுப்பப் பார்த்தால் வேறு அணி அவரைத் தூக்கிக்கொள்ளும். அதனால் பல நேரம் நன்றாக வீசிய பையன் கீழே போகிறான், சுமாராக வீசியவர் ஐந்தாவது இடத்தில் உட்காருகிறார். முன்பெல்லாம் இதை அநியாயம் என்று திட்டுவேன். இப்போது அணியின் பக்கம் புரிகிறது: ஏழெட்டுக் கைகளும் தன்னிடமே இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பையன் இழப்பதையும் பேசுங்கள். மேஜர் லீகில் இருந்த நாட்களை எண்ணித்தான் சம்பளமும் வரும், ஆறு ஆண்டு சேர்ந்தால் விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திரமும் வரும். ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் ஒருவரைக் கீழே அனுப்பக் கூடாது என்று 2022இல் விதி வந்தது நல்ல விஷயம். எனக்கு ஐந்தே அதிகம்.

ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் யார் என்று மார்ச்சிலேயே முடிவு செய்யுங்கள். அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள். மைனரிலும் அவர்களை ஸ்டார்ட்டராகவே வீச வையுங்கள், ஒரு இன்னிங்ஸ் வேலைக்குத் தூக்கிப் போட்டு நீண்ட நேரம் வீசும் தெம்பைக் கெடுக்காதீர்கள்.

2024 அக்டோபரில் டாட்ஜர்ஸிடம் மிஞ்சிய ஸ்டார்ட்டர்கள் மூன்றே பேர். யமமோட்டோ, ஜூலை கடைசியில் டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிய ஜாக் ஃபிளாஹெர்ட்டி, அப்புறம் இரண்டாவது முழங்கை அறுவைக்குப் பிறகு மே மாதம்தான் திரும்பிவந்த வாக்கர் பியூலர். சீசனில் பியூலருக்கு ஒரு வெற்றி, ஆறு தோல்வி. இறுதித் தொடரான உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கினார். ஒரே ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு ஐந்தாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னிலிருந்து ஓடி வந்து, கடைசி ஆளை ஸ்ட்ரைக் அவுட் செய்து கோப்பையை முடித்தவரும் அவர்தான்.