பவர் வாங்கியவர் யாரை வேண்டுமானாலும் அனுப்பலாமா?

"துபாயில் இருக்கும் தம்பி அண்ணனுக்குப் பவர் கொடுத்திருந்தால், அண்ணன் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பும் புரோக்கரும் நிலத்தை விற்கலாம்" என்று மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. பவர் என்பது தன் சார்பில் செயல்பட ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்; அதை வாங்கிய அண்ணன் சட்டத்தின் பார்வையில் ஒரு முகவர்.

தானே செய்வதாக ஏற்ற வேலையை முகவர் இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. தொழில் வழக்கம் அனுமதித்தாலோ, வேலையின் தன்மைக்கே அது தேவைப்பட்டாலோதான் விலக்கு (இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 190). அதிகாரமில்லாமல் ஆள் வைத்தால், அந்த ஆள் செய்ததற்குத் தம்பி பொறுப்பல்ல; அண்ணன்தான் தம்பிக்கும் நிலம் வாங்குபவருக்கும் பதில் சொல்லவேண்டும். இது பிரிவு 193. அண்ணன் தனக்குக் கீழே முறையாக நியமித்த துணை முகவர் என்றால் சரி, அவர் செய்தது தம்பியைக் கட்டுப்படுத்தும்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் பவர் பத்திரத்தை முழுதாக வாசியுங்கள். வேறு நபரை நியமிக்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். சட்டப் பிரிவுகள் மத்திய அரசின் இந்தியா கோட் (India Code) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.