கமிட் மேல் பழி போடாதீர்கள், முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

டேட்டாபேஸின் வேகத்தை அளக்கும் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட்டுக்காக, இரவு 2 மணிக்குத் தானாக ஒரு தற்காலிக கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் கிளவுட் மெஷின்கள்) எழும்புகிறது. மூன்று டேட்டாபேஸ் நோடு, அவற்றுக்கு ரிக்வெஸ்ட் அனுப்ப ஒரு லோடு ஜெனரேட்டர். டெஸ்ட் ஓடுகிறது, கிளஸ்டர் அழிகிறது, காலையில் டாஷ்போர்டில் சிவப்பு: "த்ரூபுட் 12% குறைவு", அதாவது நொடிக்கு முடியும் ரிக்வெஸ்ட் குறைந்துவிட்டது. உடனே நேற்று தன் கோடு மாற்றத்தை மெர்ஜ் செய்த ஆளைப் பிடித்துக் கேள்வி. அவர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கமிட்டாக, அதாவது ஒவ்வொரு கோடு மாற்றமாக, பின்னால் போய்த் தேடுகிறார். கடைசியில் அதே பைனரியை (கம்பைல் செய்த புரோகிராமை) மறுபடி ஓட்டினால் 9% அதிகம் வருகிறது! எத்தனை டீம்களில் இதே கதை! இரண்டு நாள் உழைப்பு மண்ணாகப் போனதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, அடுத்த வாரம் இன்னொருவர் மாட்டுகிறார்.

கிளஸ்டரை எழுப்புவதை ஆட்டோமேட் செய்துவிட்டோம், கிராஃப் வரைவதை ஆட்டோமேட் செய்துவிட்டோம். அந்த கிளஸ்டர் அளக்கத் தகுதியான நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் யாருமே ஆட்டோமேட் செய்வதில்லை. என் ஆத்திரமெல்லாம் இங்கேதான்.

டிஸ்க்கிலிருந்தே தொடங்குவோம். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், ஜிபி2 (gp2) என்ற பழைய வகை டிஸ்க் வால்யூம் இன்னும் எத்தனையோ டெராஃபார்ம் ஃபைல்களில் (மெஷின்களை எழுப்பும் அமைப்புக் கோடு) கிடக்கிறது. 100 ஜிபி அளவில் ஒன்று எடுத்தால் அதன் உண்மையான வேகம் நொடிக்கு 300 ஐஓ (படித்தல், எழுதல்), அவ்வளவுதான். ஆனால் புது வால்யூம் 54 லட்சம் கிரெடிட்டோடு (கூடுதல் வேகத்துக்கான சேமிப்போடு) பிறக்கிறது. அது இருக்கும்வரை நொடிக்கு 3000 ஐஓ வரை போகும். முழு வேகத்தில் ஓட்டினால் சுமார் 33 நிமிடத்தில் கிரெடிட் காலி, வேகம் பத்தில் ஒரு பங்கு. 20 நிமிட டெஸ்ட் முழுக்க அந்த இரவல் வேகத்திலேயே முடிந்துவிடும். யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் டெஸ்ட்டை 45 நிமிடமாக நீட்டுகிறார், கடைசி 12 நிமிடம் பாதாளத்தில் விழுகிறது, பழி புது ரிலீஸ் மேல்!

புது வகையான ஜிபி3-க்கு (gp3) மாறினால் தீர்ந்தது என்கிறார்கள். பாதிதான் தீரும். வால்யூமுக்கு 3000 ஐஓவும் நொடிக்கு 125 எம்ஐபியும் (MiB, ஏறக்குறைய எம்பி) நிலையாகக் கிடைக்கும், சரி. ஆனால் சின்ன அளவு இன்ஸ்டன்ஸ்களுக்கு (கிளவுட் மெஷின்களுக்கு) டிஸ்க்குப் போகும் பாதையிலேயே தனி பர்ஸ்ட் (சிறிது நேர உச்ச வேகம்) உண்டு: உச்ச வேகம் 24 மணி நேரத்தில் 30 நிமிடத்துக்குத்தான் உறுதி. நெட்வொர்க்கில் "10 கிகாபிட் வரை" என்று போட்டிருந்தால் அந்த 'வரை'யும் கிரெடிட் கணக்குதான். டி வகை இன்ஸ்டன்ஸில் சிபியுவும் அப்படியே. அதில் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட் ஓட்டுபவர்களை மன்னிக்கவே முடியாது. தற்காலிக கிளஸ்டரின் சிக்கல் இதுதான். ஒவ்வொரு இரவும் டிஸ்க், நெட்வொர்க் கிரெடிட் நிறைந்த புது மெஷின் வருகிறது. மாதக்கணக்காக ஓடும் புரொடக்‌ஷன் மெஷினுக்கு அந்த வாழ்வு ஒருநாளும் கிடையாது. பிறகு எதை அளந்தோம்?

அடுத்தது ஸ்னாப்ஷாட். 500 ஜிபி டேட்டாவை ஒவ்வொரு முறையும் லோடு செய்ய நேரமாகிறது, அதனால் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (முன்பே எடுத்து வைத்த நகலிலிருந்து) வால்யூம் எடுக்கிறோம். அது நியாயமான முடிவு. ஆனால் அப்படி எடுத்த வால்யூமில் டேட்டா உடனே வந்து உட்காருவதில்லை. ஒவ்வொரு பிளாக்கையும் முதல் முறை தொடும்போதுதான் அமேசானின் ஸ்டோரேஜ் சேவையான எஸ்3-லிருந்து இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில் பி99 (100-இல் 99 ரிக்வெஸ்ட் முடிந்துவிடும் நேரம்) எடுத்தால் எஸ்3-இன் லேட்டன்சியைத்தான் அளக்கிறோம், நம் டேட்டாபேஸை அல்ல. முழு வால்யூமையும் ஃபியோ (fio) டூலை வைத்து ஒரு முறை கடைசிவரை படிக்க வேண்டும், இல்லையென்றால் டேட்டாவை முன்கூட்டியே நிரப்பித் தரும் ஃபாஸ்ட் ஸ்னாப்ஷாட் ரீஸ்டோருக்குப் பணம் கட்ட வேண்டும். நொடிக்கு 125 எம்ஐபியில் 500 ஜிபியைப் படிக்க எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "பைப்லைன் மெதுவாகிவிடும்" என்று அந்த ஒரு மணி நேரத்தை வெட்டுகிறவர்கள்தான் பிறகு இரண்டு நாள் கமிட் தேட வைக்கிறார்கள்.

மெஷினிலேயே பொருத்திய லோக்கல் என்விஎம்இ டிஸ்க்தான் சுத்தமானது என்ற நம்பிக்கையும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. எஸ்எஸ்டி காலியாக இருக்கும்போது ஒரு வேகம், நிரம்பி உள்ளே பழைய பிளாக்குகளைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் தொடங்கியதும் வேறு வேகம். முழு கொள்ளளவையும் இரண்டு முறை எழுதி நிரப்பிய பிறகே அளக்க வேண்டும். மாங்கோடிபி டேட்டாபேஸின் பொறியாளர்கள் தங்கள் டெஸ்ட் எண்கள் ஏன் ஆடுகின்றன என்று ஏடபிள்யூஎஸ்ஸின் மெஷின் சேவையான இசி2-வில் நிதானமாக ஆராய்ந்தபோது, ஐஓபிஎஸ் (நொடிக்கான ஐஓ) முன்பதிவு செய்த, நெட்வொர்க் வழி வரும் இபிஎஸ் வால்யூம் லோக்கல் எஸ்எஸ்டியை விட நிலையாக இருந்தது. நல்ல இன்ஸ்டன்ஸ், கெட்ட இன்ஸ்டன்ஸ் என்று பொறுக்கி எடுக்கும் பழக்கத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அவர்கள் ஊகிக்கவில்லை, அளந்து பார்த்தார்கள்.

உபுண்டு இமேஜ் பூட் ஆன முதல் சில நிமிடங்களில் ஏபிடி தானியங்கி அப்டேட் சிபியுவையும் டிஸ்க்கையும் தின்னும். கிளவுட்-இனிட் (முதல் பூட்டில் நடக்கும் அமைப்பு வேலை) முடியும்வரை காத்திருக்க வேண்டும், அந்த அப்டேட் டைமர்களை நிறுத்த வேண்டும். இமேஜ் ஐடியை ஒரே எண்ணில் கட்டிப்போட வேண்டும். "லேட்டஸ்ட்" என்று விட்டால் ஒரு நாள் கெர்னல் மாறும், கிராஃபும் மாறும், யாருக்கும் காரணம் தெரியாது. இவையெல்லாம் பத்து வரி ஸ்கிரிப்ட்!

ஒய்சிஎஸ்பி (YCSB) என்ற டேட்டாபேஸ் பெஞ்ச்மார்க் டூலை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. ரெக்கார்டு எண்ணிக்கையை மாற்றினீர்களா? அதோடு வரும் வொர்க்லோடு ஃபைலில் இருப்பது 1000 ரெக்கார்டு. ஒரு ரெக்கார்டுக்கு 10 ஃபீல்டு, ஃபீல்டுக்கு 100 பைட். மொத்தம் 1 எம்பி. 64 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 1 எம்பி டேட்டாவை வைத்துவிட்டு "எங்கள் டேட்டாபேஸ் மின்னல் வேகம்" என்று ஸ்லைடு போடுகிறார்கள். நோடு ஒவ்வொன்றிலும் ரேமைப் போல மூன்று மடங்காவது டேட்டா இருந்தால்தான் டிஸ்க் வேலை செய்யும்.

லோடு ஜெனரேட்டர் செய்யும் பிழை எல்லாவற்றையும் விடக் கொடியது, ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. நொடிக்கு 1000 ரிக்வெஸ்ட் என்ற இலக்கில் 100 நொடி ஓட்டுகிறோம் என்று வையுங்கள். நடுவில் டேட்டாபேஸ் 2 நொடி உறைந்து நிற்கிறது. பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் ஒற்றை த்ரெட் கிளையன்ட் என்ன செய்யும்? அதுவும் சேர்ந்து 2 நொடி நிற்கும். சுமார் 98,000 அளவீடுகளில் ஒன்றே ஒன்றுதான் மோசம் என்று பதியும். பி99 பளபளவென்று இருக்கும். ஆனால் நிஜத்தில் அந்த 2 நொடியில் வந்திருக்க வேண்டியவை 2000 ரிக்வெஸ்ட், மொத்தத்தில் 2%. அவை அனைத்தும் காத்துக் கிடந்திருக்கும், பி99 ஏறக்குறைய 1 நொடியைத் தொட்டிருக்கும். பெர்ஃபார்மன்ஸ் நிபுணர் கில் டெனே (Gil Tene) இதற்கு "கோஆர்டினேட்டட் ஒமிஷன்" என்று பெயர் வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. ஒய்சிஎஸ்பியிலேயே டார்கெட் கொடுத்து, மெஷர்மென்ட் இன்டர்வலை "இன்டென்டட்" (அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து அளப்பது) என்று வைக்கும் வசதி இருக்கிறது. இருந்தும் எத்தனை பேர் வைக்கிறார்கள்? இதற்கு மேல், நான்கு கிளையன்ட்டின் பி99-களைக் கூட்டி நான்கால் வகுக்கிறார்கள்! பி99-களுக்கு சராசரி எடுக்க முடியாது. ஹிஸ்டோகிராம்களை (லேட்டன்சி பரவிய விதத்தின் பதிவுகளை) ஒன்றாக்கி, அதிலிருந்துதான் பி99 எடுக்க வேண்டும்.

இரண்டு டேட்டாபேஸ்களை ஒப்பிடும்போது நடக்கும் அநியாயம் தனி. கசாண்ட்ரா டேட்டாபேஸின் கமிட் லாக் (எழுதுவதையெல்லாம் பதியும் லாக்) இயல்பாக 10 நொடிக்கு ஒரு முறைதான் டிஸ்க்கில் உறுதியாகும். பக்கத்தில் ஒவ்வொரு டேட்டா கமிட்டுக்கும் எஃப்சிங்க் செய்யும் (உடனே டிஸ்க்கில் உறுதியாக்கும்) டேட்டாபேஸை நிறுத்தி "இது மெதுவு" என்பது எந்த ஊர் நியாயம்? ஒன்றில் கன்சிஸ்டன்சி "ஒன்" (ஒரு நோடின் பதில் போதும்), மற்றதில் "குவோரம்" (பெரும்பான்மை வேண்டும்) என்று வைத்துவிட்டு எண்ணை மட்டும் அருகருகே அடுக்குவதும் அதே அநியாயம்தான். லோடு முடிந்த கையோடு, டேட்டா ஃபைல்களை ஒன்றாக்கும் கம்பாக்‌ஷன் வரிசையில் நூற்றுக்கணக்கில் நிற்கும்போதே ரீட் டெஸ்ட்டைத் தொடங்குகிறார்கள். கசாண்ட்ராவின் நோடுடூல் (nodetool) கமாண்டில் கம்பாக்‌ஷன் நிலுவை பூஜ்யம் ஆகும்வரை காத்திருங்கள். ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் தளம்) சூடாகும்வரை உள்ள முதல் சில நிமிட அளவீட்டைத் தூக்கி எறியுங்கள்.

அழிக்கும் வேலையிலும் அதே அலட்சியம். எதையெல்லாம் எழுப்பினோம் என்று பதிந்த டெராஃபார்ம் ஸ்டேட் ஃபைலை சிஐ ரன்னரின் (டெஸ்ட் ஜாபை ஓட்டும் மெஷினின்) லோக்கல் டிஸ்க்கில் வைக்கிறார்கள். யாரோ ஜாபை கேன்சல் செய்கிறார், ரன்னர் போகிறது, அதோடு ஸ்டேட்டும் போகிறது. மூன்று நோடும் அனாதையாக ஓடிக்கொண்டே இருக்கின்றன, பில் வரும்போதுதான் தெரிகிறது. ஸ்டேட் எப்போதும் ரிமோட்டில், லாக்கோடு இருக்க வேண்டும். அதையும் நம்பாமல், மெஷின் எழும்போதே 240 நிமிடத்தில் தானாக ஷட்டவுன் ஆகும்படி யூசர் டேட்டாவில் (பூட் ஸ்கிரிப்டில்) எழுதுங்கள். ஷட்டவுன் ஆனால் "டெர்மினேட்" என்று இன்ஸ்டன்ஸ் அமைப்பில் வையுங்கள், இயல்பாக இருப்பது "ஸ்டாப்", அதில் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். தனியாக உருவாக்கி இணைத்த வால்யூம்கள் டெர்மினேட் ஆனாலும் போகாது. டேக் போட்டு, தினமும் ஒரு ஸ்கிரிப்ட் பெருக்கித் தள்ள வேண்டும்.

இப்போது அந்த 12%-க்கு வருகிறேன். ஒரே பைனரியை, புதிதாக எழுப்பிய கிளஸ்டர்களில் குறைந்தது ஐந்து முறை ஓட்டிப் பாருங்கள். எதையுமே மாற்றாமல் எண்கள் 8% ஆடுகின்றன என்றால், 5% வரம்பு வைத்து சிவப்பு காட்டி மெர்ஜைத் தடுக்கும் உங்கள் கேட் தினமும் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. ஒரு ஓட்டத்தை முந்தைய ஓட்டத்தோடு ஒப்பிடுவதை விட்டு, வரிசை முழுவதிலும் எங்கே நிலை மாறியது என்று தேட வேண்டும். மாங்கோடிபி 2020-இல் இதற்கு இ-டிவைசிவ் என்ற நிலைமாற்றம் காணும் முறையைப் பயன்படுத்தியதைக் கட்டுரையாகவே வெளியிட்டது. அதே வழியில் டேட்டாஸ்டாக்ஸ் நிறுவனத்திலிருந்து வந்த ஹன்டர் டூல் இன்று அப்பாச்சி ஓட்டாவா (Otava) என்ற பெயரில் ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கிறது. அதைப் பொருத்தும்வரை அந்த சிவப்புக் குறியை மெர்ஜ் கேட்டிலிருந்து கழற்றி வையுங்கள். நேற்று மெர்ஜ் செய்தவரைக் கூப்பிடுவதற்கு முன்னால், வால்யூமின் பர்ஸ்ட் பேலன்ஸ் (மீதிக் கிரெடிட்) கிராஃபைத் திறந்து பாருங்கள்.