பல் முளைக்காததற்குத் தாயைக் குறை சொல்லாதீர்கள்

ஒரு நேரலை வீடியோவில் ஒருவர் இப்படிச் சொன்னார்; பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். "குழந்தைக்குப் பல் வரலையா? அம்மா கர்ப்பத்துல கால்சியம் ஒழுங்கா எடுத்திருக்க மாட்டாங்க." இதைப் பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள்.

கால்சியம் பல்லைக் கடினமாக்கும், பல்லை உண்டாக்காது. உண்டாக்குவது இரண்டு திசுக்களுக்கு இடையே நடக்கும் பேச்சு. வாயின் மேலடுக்கான எபிதீலியம் முதலில் சமிக்ஞை தரும். அடியிலிருக்கும் மீசன்கைம் செல்கள் அதைக் கேட்டுத் திரளும். அப்புறம் அதிகாரம் கைமாறும்; இனி கட்டளையிடுவது அந்த அடித்திசு. 1970இல் கொல்லர், பேர்டு என்ற ஆய்வாளர்கள் எலிக்கருவின் பாதத் தோலைக் கடைவாய்ப் பல்லின் அடித்திசுவோடு சேர்த்து வளர்த்தார்கள். பாதத் தோல், பல்லின் வெளிப்பூச்சான எனாமலை உண்டாக்கும் உறுப்பாக மாறி, பல்லே உருவானது! எலியில் பாக்ஸ்9 மரபணு வேலை செய்யாவிட்டால் இந்தப் பேச்சு பாதியில் அறுந்துவிடும். பல் வெறும் மொட்டாக இருக்கும் தொடக்க நிலையிலேயே நின்றுவிடும். மனிதரிலும் அதே மரபணுவில் கோளாறு இருந்தால் பற்கள் குறைகின்றன. எந்த மாத்திரை இதைச் சரிசெய்யும்?

என் அக்கா மகனுக்கு மேல்வரிசையில் முன்பற்களை அடுத்த இரண்டு நிலைப்பற்கள் இல்லை. எக்ஸ்ரேயில் பல்முளையே இல்லை. மாமியார் வீட்டில் சொன்னது: "நீ பால் குடிச்சிருந்தா வந்திருக்கும்." அக்கா வாந்தியிலும் பால் குடித்தவள். அந்தப் பற்களில் சுண்ணாம்புச் சத்து படிய ஆரம்பிப்பதே குழந்தை பிறந்து பல மாதம் கழித்துத்தான். கர்ப்பத்தில் குடித்த பாலுக்கு இதில் என்ன பங்கு?

"அப்போ சத்துணவே வேண்டாமா?" என்று கமெண்டில் வருவீர்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். கர்ப்பிணிக்கும் வேண்டும், குழந்தைக்கும் வேண்டும். ஆனால் நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. "நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்" என்பீர்கள். நல்ல எண்ணம் இருந்தால் பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கலாம். "மரபணுவும் தாய்வழி வரலாமே" என்றால், தந்தைவழியும் வரலாம், இருவரிடமும் இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம். அப்போது மட்டும் தகப்பனை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. பிள்ளை கறுப்பென்றால் தாய், ஒல்லியென்றால் தாய், பேச நாளானால் தாய், இப்போது பல்லுக்கும் தாய்.

இரண்டு செல் அடுக்குகள் ஒன்றையொன்று கேட்டுத்தான் ஒரு பல்லைக் கட்டுகின்றன. என் அக்காவை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த வீடியோவை அக்காவுக்கே ஃபார்வர்ட் செய்த உறவினர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இன்றைக்கே அவளுக்கு போன் போட்டு, "உன் தப்பில்லை" என்று சொல்லுங்கள்.